நடையா, தசைப் பயிற்சியா, உணவுக் குறைப்பா? உடல் பருமனோடு அழற்சியும் உள்ளவர்களுக்கு ஓர் ஒப்பீடு

முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட்டுகளில் இப்போதெல்லாம் ஒரு வரி கூடுதலாக வருகிறது: ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி. உடம்பில் அழற்சி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ரத்தப் புரதத்தின் அளவு இது, சுருக்கமாக சி.ஆர்.பி. சர்க்கரை எண்ணையும் கொழுப்பு எண்ணையும் படிக்கப் பழகியவர்கள்கூட இந்த வரியில் நின்றுவிடுகிறார்கள். "உடம்பில் இன்ஃப்ளமேஷன், அதாவது அழற்சி, கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, எடையைக் குறையுங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார். வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு யோசனை. மனைவி வாக்கிங் போகச் சொல்கிறார், தம்பி ஜிம்மில் சேரச் சொல்கிறான், பக்கத்து வீட்டு அக்கா ராத்திரிச் சோற்றை நிறுத்தச் சொல்கிறார். "என்னிடம் இருப்பது வாரத்துக்கு மூன்று, நாலு மணி நேரம். அதை எதில் போடுவது?" என்று கேட்கும் வாசகர்களுக்காக எழுதியது இது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சி.ஆர்.பி. எண்ணை இறக்குவது மட்டும்தான் நோக்கம் என்றால் தசைப் பயிற்சி முதல் தேர்வு கிடையாது. கொழுப்பு கரைந்தால்தான் அந்த எண் நன்றாக இறங்கும், அதற்குப் பெரிய வழி உணவு. ஆனால் உணவைக் குறைக்கும் எவரும் தசைப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. ஏன் என்பதற்கு ஆய்வுகளில் தெளிவான காரணங்கள் இருக்கின்றன.

தசைப் பயிற்சி என்று நான் சொல்வது டம்பெல், பார்பெல் மட்டுமல்ல. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, ரப்பர் பேண்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது என்று, தசை ஒரு சுமையை எதிர்த்து வேலை செய்யும் எதுவும் இதில் சேரும்.

## அழற்சி எங்கே உருவாகிறது

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்கி வலிக்கிறதே, அதுவும் அழற்சிதான். வேலை முடிந்ததும் அடங்கிவிடும். பருமனோடு வருவது அப்படி அடங்குவதில்லை. வலி தெரியாது, காய்ச்சல் இருக்காது, ஆனால் குறைந்த அளவில் வருடக் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும்.

1993-இல் அமெரிக்காவில் கோகன் ஹோட்டமிஸ்லிகிலும் புரூஸ் ஸ்பீகல்மேனும் சேர்ந்து ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்கள். பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தை உண்டாக்குகிறது, அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. அதுவரை கொழுப்பை உடல் மிச்சத்தைச் சேர்த்துவைக்கும் இடமாகத்தான் பெரும்பாலும் பார்த்தார்கள். 2003-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அடுத்த படியைக் கண்டன: கொழுப்புச் செல்கள் ஊதிப் பெருக்கும்போது மேக்ரோஃபேஜ் எனப்படும் நோய் எதிர்ப்புச் செல்கள் அந்தத் திசுவுக்குள் கூட்டமாக வந்து குடியேறுகின்றன. ஒல்லியான உடலின் கொழுப்புத் திசுவில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் இந்தச் செல்கள், கடும் பருமன் உள்ளவர்களிடம் 40 சதவீதத்தை நெருங்குகின்றன. அங்கிருந்து வெளிவரும் ஐ.எல்.-6 போன்ற புரதங்கள் கல்லீரலுக்குப் போய்ச் சேர, கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கிறது. ரிப்போர்ட்டில் நாம் பார்க்கும் எண் இந்த வரிசையின் கடைசிப் படி.

இதில் தொடைக் கொழுப்பும் வயிற்றுக் கொழுப்பும் சமமல்ல. குடலைச் சுற்றி உள்ளே தேங்கும் கொழுப்பிலிருந்து வரும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. இந்தியர்களுக்கு எடை அதிகம் கூடாமலேயே தொப்பை விழும் உடல்வாகு இருப்பதால், இங்கே பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 25-லேயே பருமன் என்று கணக்கிடுகிறார்கள். இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு பி.எம்.ஐ. 25-ஐத் தொட்டோ தாண்டியோ இருக்கிறது, ஆண்களில் சுமார் 37 சதவீதம்.

சரி, இதில் தசைக்கு என்ன வேலை? டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பென்டே கிளார்லுண்ட் பெடர்சனின் குழு, வேலை செய்யும் தசையும் ஐ.எல்.-6-ஐ ரத்தத்தில் விடுகிறது என்று 2000 வாக்கில் கண்டது. கொழுப்பு சுரந்தால் கெடுதல் என்று சொல்லும் அதே பொருள்தான். ஆனால் உடற்பயிற்சியின்போது அது குறுகிய நேரம் உயர்ந்து உடனே இறங்குகிறது, இறங்கும்போது அழற்சியைத் தணிக்கும் ஐ.எல்.-10 போன்றவற்றைக் கூட்டிவிட்டுப் போகிறது. 2003-இல் அதே ஊர் ஆய்வாளர்கள் தன்னார்வலர்களுக்குச் சிறிதளவு பாக்டீரியா நச்சைச் செலுத்திப் பார்த்தார்கள். முன்னதாக மூன்று மணி நேரம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு டி.என்.எஃப். உயர்வு வெகுவாக மட்டுப்பட்டது.

2019-இல் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. தொப்பை உள்ளவர்களை 12 வாரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் ஐ.எல்.-6-இன் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து பெறாமல் மிதித்தவர்களுக்கு உள்வயிற்றுக் கொழுப்பு குறைந்தது. மருந்து பெற்றவர்களுக்கு அதே அளவு மிதித்தும் குறையவில்லை. அதாவது தசை அனுப்பும் அந்தச் செய்தி வயிற்றுக் கொழுப்பு கரைவதற்கே தேவைப்படுகிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஒரே எண்ணை வைத்து முடிவெடுத்தால் தவறான வழியைத் தேர்ந்துவிடுவோம். நான் ஆறு விஷயங்களைப் பார்க்கிறேன்: சி.ஆர்.பி., உள்வயிற்றுக் கொழுப்பு, தசை தங்குகிறதா, சர்க்கரைக் கட்டுப்பாடு, மூட்டும் பாதுகாப்பும், கடைசியாகப் பணமும் நேரமும். இடுப்புச் சுற்றளவை ஒரு டேப்பை வைத்து மாதம் ஒருமுறை வீட்டிலேயே அளக்கலாம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்பது கால் வலிமைக்கு நல்ல சோதனை, செலவும் இல்லை.

சி.ஆர்.பி.யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த எண்ணைத் தவறாகப் படித்துப் பயப்படுகிறவர்களும் உண்டு, தவறாகப் படித்து நிம்மதி அடைகிறவர்களும் உண்டு. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய நோய் அபாயம் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஏதாவது தொற்றோ காயமோ இருக்கும், அது அடங்கிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும். சில லேப்கள் டெசிலிட்டர் கணக்கில் தருகின்றன. அதில் 0.5 என்றால் லிட்டர் கணக்கில் 5. பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடும் முன் அலகைப் பாருங்கள்.

சளி, ஈறு வீக்கம், கருத்தடை மாத்திரை எல்லாமே இந்த எண்ணை உயர்த்தும், கொழுப்பு எண்ணைக் குறைக்கத் தரும் ஸ்டாடின் மாத்திரை இறக்கும். பழக்கமில்லாத கடும் பயிற்சி செய்தால் அடுத்த ஓரிரு நாள் உயர்ந்திருக்கும். ஆகவே ஜிம்மில் சேர்ந்த வாரத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு, "பயிற்சியால் அழற்சி கூடிவிட்டது" என்று பயந்து நிறுத்த வேண்டாம். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்ப்பதுதான் முறை.

## நடை மட்டும்

தொடங்குவதற்கு இதைவிட எளிதானது இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், பேச்சு நிற்கக் கூடாது, அந்த வேகம் போதும்.

கொழுப்பைக் கரைப்பதில் நேரத்துக்கு நேரம் பார்த்தால் ஏரோபிக் பயிற்சிதான் (வேக நடை, ஓட்டம், சைக்கிள் போல மூச்சு வாங்கத் தொடர்ந்து செய்வது) முன்னால் நிற்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடை கூடியவர்களை எட்டு மாதம் மூன்று பிரிவாகப் பயிற்றுவித்தார்கள். ஏரோபிக் செய்தவர்களுக்கு உடல் கொழுப்பும் உள்வயிற்றுக் கொழுப்பும் கல்லீரல் கொழுப்பும் குறைந்தன. தசைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அந்த மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் அங்கே ஏரோபிக் என்றது வாரத்துக்குச் சுமார் 19 கிலோமீட்டருக்கு ஈடான, நன்றாக மூச்சு வாங்கும் உழைப்பு. பூங்காவில் நண்பர்களோடு பேசிக்கொண்டு நாலு சுற்று வருவதை அதோடு ஒப்பிட முடியாது. அந்த நடையும் நல்லதுதான், குறிப்பாகச் சாப்பிட்டவுடன் நடந்தால் சர்க்கரை ஏற்றம் குறையும். தொப்பையைக் கரைக்க மட்டும் அது போதாது.

மறைமுகச் செலவு முழங்காலில் வருகிறது. 95 கிலோ எடையோடு முதல் வாரமே தினமும் ஆறு கிலோமீட்டர் தார் சாலையில் நடந்து, மூட்டு வீங்கி, இரண்டு மாதம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது அடிக்கடி நடப்பது. நல்ல ஷூ, நடைபாதை இல்லாத தெரு, மே மாத வெயில், தெருநாய் எல்லாம் கணக்கில் வரும். பெண்கள் விடியற்காலையில் தனியாக நடக்க யோசிக்கும் தெருக்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு. அது அவர்களின் சோம்பல் கிடையாது.

எந்த உடற்பயிற்சியும் இதுவரை செய்யாதவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள், மன அழுத்தத்தாலும் தூக்கமின்மையாலும் தவிப்பவர்கள் நடையில் தொடங்குவது நல்லது.

## தசைப் பயிற்சி மட்டும்

இதைப் பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். தசை கூடினால் உட்கார்ந்த இடத்திலேயே கொழுப்பு எரிந்துவிடும் என்று ஒரு பக்கம். குண்டானவர்களுக்கு இது ஆகாது, முதலில் எடையைக் குறைத்துவிட்டு வரட்டும் என்று இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் அதிகக் கெடுதல் செய்கிறது.

முதலில் அழற்சி. பருமன் உள்ளவர்களிடமும் வயதானவர்களிடமும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், தசைப் பயிற்சி சி.ஆர்.பி.யைச் சற்றுக் குறைக்கிறது என்பது பல தொகுப்புகளின் முடிவு. ஐ.எல்.-6, டி.என்.எஃப். விஷயத்தில் ஆய்வுக்கு ஆய்வு விடை மாறுகிறது. அமெரிக்காவின் லூசியானாவில் 262 சர்க்கரை நோயாளிகளை ஒன்பது மாதம் பின்தொடர்ந்த ஹார்ட்-டி ஆய்வில், ஏரோபிக், தசைப் பயிற்சி, இரண்டும் சேர்ந்தது என எந்தப் பிரிவிலும் சி.ஆர்.பி. குறிப்பிடும்படி இறங்கவில்லை. யாருக்குக் கொழுப்பு குறைந்ததோ அவர்களுக்குத்தான் சி.ஆர்.பி.யும் குறைந்தது, எந்தப் பயிற்சி செய்திருந்தாலும். இந்த ஒரு முடிவை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கொழுப்பு அறவே குறையாது என்றும் சொல்ல முடியாது. ஆரோக்கியமானவர்களிடம் நடந்த 58 ஆய்வுகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தொகுத்தபோது, தசைப் பயிற்சியால் உடல் கொழுப்பு சதவீதம் சராசரியாக 1.5 புள்ளி அளவுக்கு இறங்கியிருந்தது. சிறிய எண்தான். தராசு முள் நகராமல் இருக்கும்போதும் உள்ளே இந்த மாற்றம் நடக்கலாம் என்பதால், தசைப் பயிற்சி செய்பவர்கள் தராசை விட டேப்பை நம்புவது நல்லது.

அப்படியானால் இதை ஏன் செய்ய வேண்டும்? சாப்பிட்ட பிறகு இன்சுலின் ரத்தத்திலிருந்து வெளியேற்றும் சர்க்கரையில் பெரும்பகுதி போய்ச் சேரும் இடம் எலும்புத் தசை. அந்தத் தசை குறைந்து, இருப்பதும் வேலை செய்யாமல் கிடந்தால், சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் போக்கிடம் குறைகிறது. தசை சுருங்கும்போது இன்சுலின் இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. அழற்சியால் இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலுக்கு இது பெரிய உதவி.

இன்னொன்று, பருமன் உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சியில் ஒரு சாதகம் இருக்கிறது. தினமும் கூடுதல் எடையைச் சுமந்து நடப்பதால் அவர்களின் கால் தசைகள் பெரும்பாலும் வலுவானவை. நடைப் போட்டியில் பின்தங்கும் ஒருவர் லெக் பிரஸ் மெஷினில் ஒல்லியான நண்பரைத் தாண்டிவிடுவார். உடற்பயிற்சி என்றாலே மற்றவர்களுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடியதுதான் நினைவு என்று வளர்ந்தவர்களுக்கு, வாரா வாரம் சுமை கூடுவதைப் பார்ப்பது தொடர்ந்து வருவதற்கான காரணமாகிவிடுகிறது. உட்கார்ந்தும் படுத்தும் செய்யலாம் என்பதால் மூட்டில் அதிர்வும் குறைவு.

ஆனால் முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள், கனமாகத் தூக்கினால் வலி போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2021-இல் வெளியான ஸ்டார்ட் என்ற ஆய்வில், 18 மாத முடிவில் கனமான பயிற்சி செய்தவர்களுக்கு லேசான பயிற்சி செய்தவர்களை விட வலி கூடுதலாகக் குறையவில்லை. வலிக்காகவே சுமையைக் கூட்ட வேண்டியதில்லை என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

மறைமுகச் செலவுகளில் முதலாவது ஜிம் கட்டணத்தின் அமைப்பு. வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மலிவு என்பார்கள், பயிற்சியாளருக்குத் தனிக் கட்டணம் இருக்கும். மூன்றாவது மாதமும் போவோம் என்று தெரியும்வரை மாதக் கட்டணத்திலேயே இருங்கள். இரண்டாவது புரதம். கூடவே புரதம் போதுமான அளவு சாப்பிடாவிட்டால் பயிற்சியின் பலன் பாதியில் நின்றுவிடும். மூன்று இட்லி, சட்னியில் சுமார் 6 கிராம் புரதம்தான் இருக்கும். இரண்டு முட்டை சேர்த்தால் இன்னும் 12 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப் என்றால் சுமார் 14 கிராம். எடைக் குறைப்பில் இருப்பவர்களுக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் அளவுக்குப் பரிந்துரைக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் கூட்டக் கூடாது. புரதப் பவுடர் கட்டாயமில்லை.

மூன்றாவது, முதல் நாளே அளவுக்கு மீறி வேலை வாங்கும் பயிற்சியாளர். புதியவரைக் களைப்படைய வைப்பதுதான் நல்ல பயிற்சி என்று நினைப்பவர்கள் உண்டு. நான்கு நாள் படியிறங்க முடியாத வலி வந்தால் அது அளவு மீறியதன் அடையாளம். சிறுநீர் பழுப்பு நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம். கட்டுப்படாத ரத்த அழுத்தம், குடலிறக்கம், சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்கசிவு ஆகியவை உள்ளவர்கள் மூச்சைப் பிடித்து முக்கித் தூக்கக் கூடாது. இன்சுலின் போடுபவர்கள் சர்க்கரை தாழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## உணவுக் குறைப்பு மட்டும்

சி.ஆர்.பி. எண்ணில் இதற்குத்தான் முதலிடம். எடைக் குறைப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, ஒரு கிலோ எடை குறைந்தால் சராசரியாக லிட்டருக்கு 0.13 மில்லிகிராம் சி.ஆர்.பி. இறங்குகிறது என்று கணக்கிட்டது. பத்து கிலோ குறைத்தால் சுமார் 1.3. நடுத்தர, உயர் அபாயக் கோட்டுக்கு அருகில் இருப்பவரை அது கீழே இறக்கிவிடும்.

நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வும் இருக்கிறது. எடை கூடிய, முழங்கால் தேய்மானம் உள்ள 316 முதியவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2004-இல் வெளியானது. உணவால் எடை குறைத்தவர்களுக்கு 18 மாதத்தில் சி.ஆர்.பி., ஐ.எல்.-6 இரண்டும் இறங்கின. நடையும் தசைப் பயிற்சியும் சேர்ந்த உடற்பயிற்சிக்கு அந்த எண்களில் தெளிவான பலன் தெரியவில்லை.

இவ்வளவு நல்ல முடிவு இருக்கும்போது இதிலேயே நிறுத்திக்கொள்ளலாமே என்று தோன்றும். விலை தசையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. குறையும் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கொழுப்பல்லாத திசு, அதாவது தசையும் அதோடு சேர்ந்த நீரும் பிறவும். செமாக்ளூடைடு என்ற எடைக் குறைப்பு ஊசியின் ஸ்டெப்-1 ஆய்வில், கொழுப்பையும் தசையையும் பிரித்து அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கப்பட்ட பிரிவினருக்கு இந்தப் பங்கு 40 சதவீதத்தை ஒட்டி இருந்தது. மவுன்ஜாரோ, வெகோவி என்ற எடைக் குறைப்பு ஊசிகள் இரண்டும் 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டதால் இது நம் வீட்டு விஷயமும்தான். அதே ஸ்டெப்-1-இல் ஊசியை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. திரும்பி வரும் எடை பெரும்பாலும் கொழுப்பாகவே வரும். இரண்டு மூன்று முறை இப்படிக் குறைந்து கூடினால், அதே எடையில் முன்பை விடக் குறைந்த தசையோடு நிற்போம். ராத்திரிச் சோற்றை நிறுத்தி எட்டு கிலோ குறைத்துவிட்டு, மாடிப்படி ஏறத் திணறுகிறவர்களின் கதை பல நேரம் இதுதான்.

பணச் செலவு குறைவாகத் தெரியும். ஆனால் சோற்றைக் குறைத்த இடத்தில் முட்டை, மீன், பயறு, காய்கறி வர வேண்டும். அதற்குச் செலவுண்டு, வீட்டில் சமைப்பவரின் வேலையும் கூடும். அந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளாமல் "எனக்குத் தனியாக ஏதாவது செய்" என்று சொல்லும் டயட் நீடிப்பதில்லை.

உடலை அசைக்கவே முடியாதபடி மூட்டு வலி உள்ளவர்களுக்கும், அறுவை சிகிச்சைக்கு முன் எடை குறைக்க வேண்டியவர்களுக்கும் முதல் சில வாரம் இதுவே வழி. அதற்குப் பிறகு தனியாக விடக் கூடாது.

## உணவு, தசைப் பயிற்சி, நடை மூன்றும் சேர்ந்து

65 வயதுக்கு மேற்பட்ட, பருமனான 160 பேரை வைத்து டென்னிஸ் வில்லரியல் குழு நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வைத்தான் இந்தக் கேள்விக்கு நான் பெரிதும் நம்புகிறேன். பயிற்சிப் பிரிவினர் எல்லோருக்கும் உணவுக் குறைப்பு உண்டு. ஒரு பிரிவுக்குக் கூடவே ஏரோபிக், இன்னொன்றுக்குத் தசைப் பயிற்சி, மூன்றாவதுக்கு இரண்டும். ஆறு மாதத்தில் மூன்று பிரிவினருக்கும் எடை 9 சதவீதம் குறைந்தது. எடை ஒன்றே, ஆனால் குறைந்தது எது என்பதில்தான் வித்தியாசம். கொழுப்பல்லாத திசு ஏரோபிக் பிரிவில் 5 சதவீதம் போனது, தசைப் பயிற்சிப் பிரிவில் 2, இரண்டும் செய்தவர்களுக்கு 3. இடுப்பு எலும்பின் அடர்த்தி ஏரோபிக் பிரிவில் 3 சதவீதம் குறைந்தது, தசைப் பயிற்சியில் அரை சதவீதம், இரண்டும் செய்தவர்களுக்கு 1. நடப்பது, எழுவது, படியேறுவது போன்ற உடல் செயல்திறன் இரண்டும் செய்தவர்களுக்கு 21 சதவீதம் கூடியது, ஒன்றை மட்டும் செய்தவர்களுக்கு 14.

ஹார்ட்-டி ஆய்விலும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி தெளிவாக இறங்கியது இரண்டும் செய்த பிரிவில் மட்டுமே. அங்கே மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே நேரத்தைத்தான் செலவிட்டார்கள். இரண்டும் செய்ய இரட்டை நேரம் வேண்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதன் குறை, ஒரே நாளில் மூன்றையும் தொடங்குவதுதான். ஒன்று தவறினால் மூன்றும் போய்விடும்.

| | நடை மட்டும் | தசைப் பயிற்சி மட்டும் | உணவுக் குறைப்பு மட்டும் | மூன்றும் |
|---|---|---|---|---|
| சி.ஆர்.பி. | கொழுப்பு குறைந்தால் இறங்கும் | சற்றே, சில ஆய்வுகளில் மாற்றமில்லை | நன்றாக இறங்கும் | நன்றாக இறங்கும் |
| உள்வயிற்றுக் கொழுப்பு | வேகமாகச் செய்தால் நல்ல பலன் | குறைவு | நல்ல பலன் | நல்ல பலன் |
| தசை, எலும்பு | டயட்டோடு சேர்ந்தால் இழப்பு | கூடும் | இழப்பு | பெரும்பாலும் காக்கப்படும் |
| சர்க்கரை | நல்லது | நல்லது | நல்லது | மிக நல்லது |
| மூட்டு | அவசரப்பட்டால் வலி | முறையாகச் செய்தால் பாதுகாப்பு | எடை குறைவதால் சுமை குறையும் | நல்லது |
| மறைமுகச் செலவு | ஷூ, வெயில், பாதுகாப்பான இடம் | ஜிம் பேக்கேஜ், புரதம், தவறான பயிற்சியாளர் | தசை, சமைப்பவரின் வேலை | திட்டமிட வேண்டிய சிரமம் |

## உங்கள் நிலையில் எது

மூன்று, நாலு மணி நேரம் இருப்பவர் என்றால்: வாரம் இரண்டு நாள் 40 நிமிடம் தசைப் பயிற்சி, மிச்ச நேரம் நடை. இடையில் ஒரு வாரம் நேரமே இல்லை என்றால் நடையை விடுங்கள், அந்த இரண்டு நாளை விடாதீர்கள். ஏனென்றால் நடையைக் கடைக்குப் போகும்போதும் அலுவலகத்திலும் கொஞ்சமாவது திரும்ப எடுத்துவிடலாம், தசைக்கு அப்படி ஒரு மாற்று வழி அன்றாட வாழ்க்கையில் அகப்படாது.

எடைக் குறைப்பு ஊசி போடுகிறவர்கள், பட்டினி வகை டயட்டில் இருப்பவர்கள், மாதவிடாய் நின்ற பெண்கள், 60 தாண்டியவர்கள் எல்லோருக்கும் தசைப் பயிற்சியைக் கட்டாயம் என்றே சொல்வேன். ஊசி போட்டால் பசியே இருக்காது, புரதம்தான் முதலில் குறையும். சாப்பாட்டில் முதல் கவளம் முட்டையோ மீனோ பயறோவாக இருக்கட்டும்.

முழங்கால் வலி இருந்தால் மூன்று மாதம் உட்கார்ந்த நிலைப் பயிற்சிகளையும் நீச்சல் அல்லது நிலை சைக்கிளையும் செய்துவிட்டு, பிறகு நீண்ட நடைக்குப் போகலாம். சி.ஆர்.பி. 3-க்கு மேல், இடுப்பு எல்லையைத் தாண்டி நிற்கிறது, ஆனால் உடல் வலுவாக இருக்கிறது என்றால் முதல் கவனம் உணவில் இருக்கட்டும்.

ஜிம்மா வீடா என்று கேட்பவர்களுக்கு: முதல் மூன்று மாதத்துக்கு வீடே போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால், கதவில் மாட்டிய ரப்பர் பேண்டை இழுப்பது, படுத்து இடுப்பை உயர்த்துவது, இரண்டு கையிலும் பை தூக்கி நடப்பது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு செட். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும், மூச்சை அடக்கக் கூடாது, தூக்கும்போது வெளியே விடுங்கள். 12 எளிதாகிவிட்டால் சுமையைக் கூட்டுங்கள். அப்புறம் கால்களுக்குப் போதிய சுமை வீட்டில் கிடைக்காத நிலை வரும், ஜிம்முக்குப் பணம் கட்ட அதுதான் சரியான நேரம்.

சி.ஆர்.பி.யை மறுபடி பார்க்க ஆறு மாதம் விடுங்கள். கடைசிப் பயிற்சிக்கும் ரத்தம் கொடுப்பதற்கும் மூன்று நாள் இடைவெளி இருக்கட்டும், சளி காய்ச்சல் இல்லாத நாளாகப் பாருங்கள். இடுப்பு ஐந்து செ.மீ. குறைந்து, நாற்காலிக் கணக்கும் கூடி, சி.ஆர்.பி. மட்டும் 3-க்கு மேலேயே நின்றால், பயிற்சியைக் கடுமையாக்க வேண்டாம். முதலில் பல் டாக்டரிடம் ஈறுகளைக் காட்டுங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். காலையில் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரம் விறைத்திருந்தால் வாத நோய் டாக்டரைப் பாருங்கள். அழற்சிக்குப் பருமன் ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை. அந்த மற்ற காரணங்களுக்குத் தனி மருத்துவம் இருக்கிறது.